வேன் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு

தாராவியின் தொண்ணூறடி ரோட்டில் விடியற்காலையில் சற்று நின்று பார்ப்போர்க்கு, நம்மவர் வாழ்வில் வேன் பெற்றுள்ள இடம் நன்கு விளங்கும். முறுக்கும் அதிரசமும் நிறைந்த தகர டின்கள் ஒரு வேனில் ஏறுகின்றன. இட்லிப் பாத்திரங்கள் மற்றொன்றில் ஏறுகின்றன. மாட்டுங்காவில் கல்யாணச் சமையற்காரர்களின் அண்டாக்களையும் வாழையிலைக் கட்டுகளையும் சுமப்பதும், செம்பூரில் முதியோரைக் கோவிலுக்கும் மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்வதும் இவ்வண்டியே. மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு திருநெல்வேலிக்கு வேனிலேயே புறப்பட்டுவிடுவோரும் உளர். ரயில்வேயில் ஊழியம் செய்யும் நாம் இதைப் புகழ்ந்துரைப்பது அழகன்று. ஆயினும் காத்திருப்போர் பட்டியலின் நீளத்தை அறிந்த எவரும் அவர்களைக் குறை கூறமாட்டார்.

1984-ஆம் ஆண்டில் வெளிவந்த மாருதி வேன், 1988 முதல் ஆம்னி என்னும் பெயர் பெற்று, 2019-இல் உற்பத்தி நிற்கும்வரை ஓய்வின்றி உழைத்தது. 2010-இல் வந்த ஈக்கோ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் இவற்றைக் கடையிலிருந்து புதிதாக ஓட்டி வந்தவர்கள் நம்மிடையே சிலரே. பெரும்பாலோர் இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டி வாங்கியவர்கள். நாம் சொல்ல வந்த செய்தி முதன்மையாக அவர்களுக்கே உரியது.

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மாருதி சுசுகி நிறுவனம் 87,599 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை உற்பத்தியான எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வண்டிகள் அவை. ஸ்டியரிங்கின் அசைவை முன்சக்கரங்களுக்குக் கொண்டுசேர்க்கும் டை ராட் என்னும் உறுப்பில் குறை இருக்கலாம் என்றும், அரிதாக அது முறியக்கூடும் என்றும் நிறுவனமே அறிவித்தது. டை ராட் முறிந்தால் ஓட்டுநர் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் சக்கரம் அவர் சொற்படி கேளாது. கிழக்கு விரைவுச் சாலையில் அவ்வாறு நேர்ந்தால் என்னாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. உறுப்பைச் சோதித்து மாற்றித் தருவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை என்றும் அறிவிக்கப்பட்டது.

இவ்வளவும் நன்றே. எனினும் அந்த அறிவிப்பு யாருக்குப் போய்ச் சேரும்? நிறுவனத்தின் ஏட்டில் யாருடைய பெயரும் கைப்பேசி எண்ணும் பதிவாகியுள்ளனவோ அவருக்குத்தான். தாராவியில் நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தினர் பலகாரம் செய்து கடைகளுக்குப் போடுகிறவர்கள். அவர்கள் வாங்கிய பழைய ஈக்கோ மேற்சொன்ன காலத்தில் உற்பத்தியானது. விற்றவர் கையொப்பமிட்டுக் கொடுத்த படிவங்கள் இரும்புப் பெட்டியிலேயே உறங்கின. விற்றவரோ வேற்றூருக்குப் போய்விட்டார். அழைப்பு வந்திருந்தால் அவருக்கே வந்திருக்கும். பல மாதங்கள் கழித்து வேறொரு பழுதுக்காகச் சென்ற இடத்தில் சேசிஸ் எண்ணைக் கணினியில் இட்டுப் பார்த்த ஊழியர், “அண்ணாச்சி, இந்த வண்டிக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறதே” என்றாராம். அதுவரை அந்த வேனில்தான் அவ்வீட்டுப் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குச் சென்று வந்தனர்.

ஆகவே பழைய வேன் வைத்திருப்போர் முதலிற் செய்ய வேண்டியது மிக எளிது. ஆர்.சி.யில் அச்சிட்டுள்ள 17 எழுத்துகள் கொண்ட சேசிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு, நிறுவனத்தின் இணையதளத்திலோ அங்கீகாரம் பெற்ற எந்த சர்வீஸ் சென்டரிலோ கேட்க வேண்டும். வண்டி எத்தனை கை மாறினாலும் இந்த எண் மாறுவதில்லை. குறை நீக்கும் கடமையும் வண்டியைத் தொடர்ந்தே வருகிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு ஆணையிட அரசுக்கே அதிகாரம் வழங்கியுள்ளது.

அடுத்ததாகப் பெயர் மாற்றம். சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்தையும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளுதல் அவசியம். “தெரிந்த மனிதரிடம் வாங்கினோம், அவசரம் என்ன?” என்று கேட்கும் நம்மவர் பலர். தெரிந்த மனிதர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் விபத்தொன்று நேர்ந்த மறுநாள், வண்டியின் சேதத்துக்கு இழப்பீடு கேட்டுப் போகும்போது, காப்பீட்டு நிறுவனம் அவருடைய நற்குணத்தை விசாரிப்பதில்லை. பத்திரத்தில் உள்ள பெயரைத்தான் பார்க்கிறது.

வாரண்டி என்று நாம் வழங்கும் உத்தரவாதத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். 2024 ஜூலை 9 முதல் விற்பனையான வண்டிகளுக்கு மாருதி நிறுவனம் தன் உத்தரவாதத்தை 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் என்று உயர்த்தியது. அதற்கு முன்பு அது 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டராக இருந்தது. இவற்றுள் எது முந்துகிறதோ அதுவே எல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நாள்தோறும் 150 கிலோமீட்டர் ஓடும் வேன் இரண்டாண்டு நிறைவதற்கு முன்பே லட்சத்தைக் கடந்துவிடும். மேலும் கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, வைப்பர் ரப்பர் போன்று உழைப்பால் தேய்பவை பொதுவாக உத்தரவாதத்துள் அடங்கா. வேனில் மிகுதியாகத் தொல்லை தருபவையோ இத்தகையவையே: பாரம் ஏற்றியபடி பாதிக் கிளட்சில் மேம்பாலம் ஏறித் தேய்ந்த பிளேட்டும், நாளைக்கு நூறு முறை இழுத்து அடைக்கப்படும் பக்கக் கதவின் உருளைகளும் போன்றவை. பின்சக்கரங்களுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் நீண்ட பிராபெல்லர் ஷாஃப்டின் கிராஸும் நாளடைவில் தேயக்கூடியதே. வண்டியை எடுக்கும்போது அடியிலிருந்து ‘டக்’ என்று ஓசை கேட்டால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மழைக்காலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய நாள் அரிது. ஆனால் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் அருகிலும் சயனிலும் முழங்கால் அளவு நீர் நிற்பதற்கு வழக்கமான ஒரு பெருமழையே போதும். தேங்கிய நீரில் நின்றுவிட்ட வேனை மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயல்வது பெருங்கேடு. காற்றை இழுக்கும் வழியாக நீர் சிலிண்டருக்குள் புகுந்திருக்கலாம். காற்று அழுத்தினால் சுருங்கும், நீர் சுருங்காது. மேலெழும் பிஸ்டன் நீரில் மோதி நிற்க, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு என்ஜினையே முழுவதும் பிரிக்க வேண்டியதுதான். இதற்கு உத்தரவாதம் கைகொடுக்காது. ‘என்ஜின் பாதுகாப்பு’ என்னும் கூடுதல் பிரிவு இல்லாத காப்பீட்டிலும் இழப்பீடு கிடைப்பது கடினம். சாவியைத் தொடாமல் வண்டியைத் தள்ளியோ கட்டி இழுத்தோ மேட்டுக்குக் கொண்டுபோவதே வழி. பத்திரம் புதுப்பிக்கும் வேளையில் அந்தக் கூடுதல் பிரிவைச் சேர்ப்பது இந்நகரத்தில் வீண் செலவன்று.

இனி, பழுதை யாரிடம் பார்ப்பது? தெருவோர மெக்கானிக்கின் கைத்திறனை நாம் குறைத்து மதிப்பதில்லை. குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் பழைய உறுப்புகளைக் கொண்டே ஒரு வண்டியை உயிர்ப்பிக்கவல்லவர்கள் இருக்கின்றனர். “வெளியே கைவைத்தால் வாரண்டி போய்விடும்” என்று அச்சுறுத்துவோர் சொல்லை அப்படியே நம்பவும் வேண்டியதில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே பழுது பார்த்த ஒரே காரணத்தால் உத்தரவாதம் முழுவதையும் ரத்துசெய்தல் கூடாது, அவ்வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்பதும் அத்தீர்ப்பில் உண்டு. அதை எதிர்த்து மேல்முறையீடுகள் எழுந்தமையால் அதை மட்டும் நம்பி வாதாடப் புகுதல் அறிவுடைமை ஆகாது. ஆதலின் உத்தரவாதக் காலம் முடியும்வரை என்ஜினையும் கியர் பாக்ஸையும் அங்கீகார இடத்திலேயே காட்டுவதும், மற்றச் சில்லறை வேலைகளை வெளியே பார்ப்பினும் பில் வாங்கிக்கொள்வதும் நம் கருத்து.

சர்வீஸ் சென்டரில் எல்லாவற்றினும் முக்கியமானது ஜாப் கார்டு. “ஜெனரல் செக்கப்” என்று எழுதச் சொல்லிவிட்டு வந்தால் கழுவித் துடைத்து அனுப்புவார்கள். “நாற்பது வேகத்தில் பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது, மூன்று வாரமாக” என்று எழுதச் செய்து, ஓடிய கிலோமீட்டரையும் குறித்து, நகல் பெற வேண்டும். அதே குறை மீண்டும் தலைகாட்டினால் மீண்டும் எழுதச் செய்ய வேண்டும். மாற்றிய பழைய உறுப்பைக் காட்டச் சொல்வதும் நன்று. 1915-இல் அமைந்த நம் மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் பெட்டிகள் பழுதாகும்வரை காத்திராமல் குறித்த காலத்தில் உள்ளே போகின்றன. ஏட்டில் ஏறாத குறை அங்கே குறையாகவே கருதப்படுவதில்லை. குமாஸ்தாக்கள் காகிதத்தைக் கட்டி அழுகிறார்கள் என்று நகைப்போர் உண்டு. நகைக்கட்டும்!

வழக்கு என்று வரும்போது அந்த நகல்களே பேசும். குறையுள்ள உறுப்பைச் சீர்செய்வதோ மாற்றுவதோதான் உத்தரவாதத்தின் எல்லை, முழு வண்டியையும் மாற்றித் தரவேண்டும் என்பதற்கில்லை என்று மாருதி வழக்கொன்றில் 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. விற்பனையாளர் செய்த பிழைக்கு, அதை அறிந்திராத உற்பத்தி நிறுவனத்தைப் பொறுப்பாக்க இயலாது என்று 2021-இல் கோவாவிலிருந்து சென்ற டாட்டா மோட்டார்ஸ் வழக்கில் தீர்ப்பாயிற்று. ஆகவே யார்மீது என்ன குறை என்பதைப் பிரித்தறிந்தே முறையிட வேண்டும்.

“நாம் தொழிலுக்கு ஓட்டுகிறோமே, நுகர்வோர் ஆவோமா?” என்று ஐயுறுவோர்க்கு ஒரு சொல். தம் சொந்த உழைப்பால் பிழைக்கும்பொருட்டு மட்டுமே வாங்கியதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாணிக நோக்கம் என்று கொள்வதில்லை. விலை 5 லட்சத்துக்கு மேற்படாதாயின் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் முறையிடலாம். தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டத்தில் உள்ளன; செம்பூர் புறநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு முன்பாக 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதியலாம். பேசும்போது சேசிஸ் எண்ணும் ஜாப் கார்டு நகல்களும் கையருகே இருக்கட்டும்.