குற்றாலத்தில் பழுக்கும் மங்குஸ்தானும் கீழப்பாவூர் குளத்துத் தண்ணீரும்: தெரியுமா?

கீழப்பாவூரில் பிள்ளைகள் பூங்காவுக்குப் போகணும் என்று அடம்பிடித்தால் என்ன செய்கிறோம்? பாவூர்சத்திரம் போய்த் தென்காசி பஸ் பிடித்து, நேரே குற்றாலம்! ஐந்தருவிப் பக்கம் தோட்டக்கலைத் துறை நடத்தும் சுற்றுச்சூழல் பூங்கா எவ்வளவு பெரியது தெரியுமா? சுமார் 37 ஏக்கர்! சாரல் நாளில் அதன் நடைபாதையில் நடந்தால் குடையே வேண்டாம் என்று தோன்றும்.

அதைவிடப் பெரிய அதிசயம் அந்த வட்டாரத்து மண். கிழக்கிந்தியக் கம்பெனி 200 ஆண்டுகளுக்கு முன்பே குற்றாலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டது! அப்போது உலகத்துக்கே கிராம்பும் ஜாதிக்காயும் பெரும்பாலும் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலிருந்துதான் வரவேண்டும். அந்த வியாபாரத்தை டச்சுக்காரர்கள் கைக்குள் வைத்திருந்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் அத்தீவுகளைப் பிடித்ததும் நாற்றுகள் கடல் தாண்டின. குற்றாலத்தில் வாசனைப்பயிர் வளர்க்க முனைந்த கம்பெனி அதிகாரி காசாமேஜர். பஸ் ஜன்னலில் பார்த்திருப்பீர்களே, காசிமேஜர்புரம்? அவர் பேரால் வந்த ஊர்தான்!

கிராம்பு என்பது காயோ விதையோ அல்ல, விரியாத மொட்டு! மலர்ந்துவிட்டால் மதிப்புப் போச்சு. ஜாதிக்காய் மரத்தில் ஆண், பெண் தனித்தனி. விதை போட்டு வளர்த்தவர் எது எது என்று தெரிந்துகொள்ளப் பூக்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும்!

ஐந்தருவிக்கு மேலே அரசுப் பழத்தோட்டம். அங்கே மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் எல்லாம் காய்க்கின்றன. சீசனில் கடைவீதியில் மங்குஸ்தான் வாங்கினால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பூப்போல ஒரு முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை! உடைக்காமலே சொல்லிவிடலாம், பிள்ளைகள் வாய்பிளப்பார்கள். இன்னொன்று: மங்குஸ்தான் விதை மகரந்தம் சேராமலே உருவாகிறது. அதனால் முளைக்கும் கன்று தாய்மரத்தின் அச்சு அசல்! மலேயா பக்கத்து மரம் இங்கே எப்படித் தங்கியது? தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுவதால்தான். மலையடிவாரம் தாண்டி நம் பக்கம் வந்தால் அந்தக் குளிர்ச்சி கிடையாது.

குளிர்ச்சி வராவிட்டாலும் தண்ணீர் வருகிறது! ஐந்தருவியில் விழுவது சிற்றாற்றில் சேர்கிறது. அந்தச் சிற்றாறுதான் கால்வாய் வழியாக நம் கீழப்பாவூர் குளத்தை நிரப்புகிறது; மிச்சம் ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. பூங்காவுக்கும் அருவிக்கும் போகிறவர்கள் அங்கே தடை செய்யப்பட்ட சோப்பையும் ஷாம்பு பாக்கெட்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அங்கே கலப்பது நம் வயலுக்குத்தான் வந்து சேரும்.