தரவுக்காட்சி மென்பொருளில் அட்டவணையின் வாசிப்பெளிமை: இந்திய மொழிக் கணக்கெடுப்புத் தரவை முன்வைத்து

1. முன்னுரை

மொழியியல் ஆய்வில் அட்டவணை வெறும் துணைப்பொருள் அன்று. வேற்றுமை வாய்பாடு, ஒலியன்களின் வருகையிடம், கிளைமொழிச் சொற்களின் ஒப்பீடு, தாய்மொழியினர் தொகை ஆகிய யாவும் அட்டவணை வடிவிலேயே வாசகரை அடைகின்றன. முன்னர் ஆசிரியரும் அச்சுக்கோப்பவரும் கலந்து முடிவு செய்த அமைப்பை இன்று டேப்லோ, பவர் பிஐ போன்ற தரவுக்காட்சி மென்பொருள்கள் தாமாகவே அமைத்துத் தருகின்றன. அவ்வாறு கிடைக்கும் அமைப்பு, தரவு சேமிக்கப்பட்டுள்ள முறையைக் காட்டும். ஆய்வாளர் சொல்ல விரும்பும் கருத்தைக் காட்டும் என்பதற்கு உறுதி இல்லை. அட்டவணையை எளிமையாக்கும் ஒவ்வொரு வழியும் ஒரு பொருள்முடிவு என்பதையும், கவனமின்றிக் கையாண்டால் அது சிறு மொழிகளைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும் என்பதையும் இக்கட்டுரை 2001, 2011ஆம் ஆண்டுகளின் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவைக் கொண்டு விளக்குகிறது.

2. எண்ணும் வரிசையும்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ் பேசுவோர் 6,90,26,881 பேர். தெலுங்கு பேசுவோர் 8,11,27,740 பேர். இவ்விரு எண்களையும் ஒப்பிட வாசகர் எட்டு எட்டு இலக்கங்களை நினைவில் நிறுத்த வேண்டியுள்ளது. 6.9 கோடி, 8.1 கோடி என்று தந்தால் ஒப்பீடு உடனே கைகூடும். புள்ளியியலாளர் எரென்பெர்க் 1977இல் வெளியிட்ட கட்டுரையில், எண்களை வேறுபாடு உணர்த்தும் இரண்டு இலக்க அளவுக்கு முழுமைப்படுத்துதல், அளவின் வரிசையில் அடுக்குதல், ஒப்பிட வேண்டியவற்றை நிரலில் மேல்கீழாக வைத்தல் ஆகியவற்றை வலியுறுத்தினார். இவ்விதிகள் பின்வரும் அட்டவணையில் பின்பற்றப்பட்டுள்ளன.

அட்டவணை 1: நான்கு திராவிட மொழிகளைப் பேசுவோர் (கோடியில்)

| மொழி | 2001 | 2011 | வளர்ச்சி (%) |
|---|---|---|---|
| தெலுங்கு | 7.4 | 8.1 | 9.6 |
| தமிழ் | 6.1 | 6.9 | 13.5 |
| கன்னடம் | 3.8 | 4.4 | 15.2 |
| மலையாளம் | 3.3 | 3.5 | 5.4 |

அலகைத் தலைப்பு ஏற்றுக்கொண்டதால் நிரல்களின் மேல் ஆண்டு மட்டுமே எஞ்சியுள்ளது. பேசுவோர் தொகையில் மூன்றாவதாக உள்ள கன்னடம் வளர்ச்சியில் முதலாவதாக உள்ளதும் புலனாகிறது. வளர்ச்சியே கட்டுரையின் பொருளாயின் இறுதி நிரலைக் கொண்டு வரிசைப்படுத்துவதே முறை. விழுக்காட்டை முழு எண்களிலிருந்து கணித்த பின்னரே முழுமைப்படுத்த வேண்டும். மலையாளத்துக்கு 3.3, 3.5 என்னும் எண்களிலிருந்து கணித்தால் 6.1 விழுக்காடு எனப் பிழையான விடை வரும்.

3. எளிமையின் எல்லை

இதே முறையை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் 121 மொழிகளுக்கும் விரித்தால் சிக்கல் எழுகிறது. சமஸ்கிருதத்தைத் தாய்மொழியாகக் குறித்தோர் 24,821 பேர். கோடியில் ஒரு பதின்ம இலக்கத்துடன் எழுதினால் அது 0.0 ஆகிவிடும். எரென்பெர்க்கின் விதி ஒவ்வோர் எண்ணின் அளவையும் சார்ந்தது; மென்பொருளோ நிரல் முழுவதற்கும் ஒரே பதின்ம அமைப்பையே இயல்பாக இடுகிறது. எனவே கோடிக்கு மேற்பட்டவை, இலட்சத்துக்கு மேற்பட்டவை, அதற்குக் குறைந்தவை என அளவுவாரியாக அட்டவணையைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அலகு தருதல் வேண்டும்.

வண்ணச்சாயலிலும் இதே இடர் உண்டு. 2011இல் இந்தி 52.8 கோடி, அடுத்து வரும் வங்காளம் 9.7 கோடி. சாயலைச் சீரான அளவில் ஏற்றினால் இந்திக் கட்டம் மட்டும் அடர்ந்து நிற்கும். ஏனைய 120 மொழிகளும் அளவுகோலின் கீழ் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கி ஒரே வெளிறிய நிறமாகத் தோன்றும். ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல் பத்து மடங்காக அமையும் வகுப்புகளைக் கொண்டால் இவ்விடர் நீங்கும்.

4. வெற்றுக்கட்டத்தின் பொருள்

2011இல் மக்கள் கூறிய 19,569 தாய்மொழிப் பெயர்கள் ஆராயப்பட்டு 1,369 தாய்மொழிகளாக வகுக்கப்பட்டன. அவற்றுள் நாடு முழுவதும் 10,000 பேரோ அதற்கு மேலோ பேசும் 270 மட்டுமே தனித்தனியே காட்டப்பட்டன. ஆகவே ஒரு பெயர் பட்டியலில் இல்லாமையால் அதைப் பேசுவோர் இல்லை எனக் கொள்ளலாகாது. மென்பொருள் தரவற்ற கட்டத்தை வெறுமையாக விடும். பயன்படுத்துவோர் அழகு கருதி அதில் சுழியத்தை நிரப்புவதும் உண்டு. அதனால் ‘தெரியாது’ என்பது ‘இல்லை’ என்றாகிவிடுகிறது.

வாய்பாடுகளுக்கும் இது பொருந்தும். தமிழ் வேற்றுமை வாய்பாட்டில் முதல் வேற்றுமைக்குரிய கட்டம் உருபின்றி இருப்பது மொழியின் இயல்பு. கிளைமொழி அட்டவணையில் ஓர் ஊருக்கு நேரே கட்டம் வெறுமையாக இருப்பது, அச்சொல் அங்குக் கேட்டறியப்படாமையாலும் இருக்கலாம். எண்ணியபோது ஒன்றும் இல்லாதது, பொருந்தாதது, தரவு கிடைக்காதது ஆகிய மூன்றையும் முறையே ‘0’, ‘–’, ‘த.இ.’ எனக் குறித்து, அட்டவணையின் அடியில் அவற்றின் விளக்கத்தைத் தருவது நலம்.

5. மொழிபெயர்ப்பில் அட்டவணை

ஆங்கில அகரவரிசையில் கன்னடம், மலையாளம், தமிழ், தெலுங்கு என நிற்கும் நிரைகளைச் சொற்களை மட்டும் மாற்றி அப்படியே விட்டால், தமிழ் வாசகருக்கு அவ்வரிசையின் காரணம் விளங்காது. தமிழில் கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம் என்பதே அகரவரிசை. மென்பொருள் யூனிகோடு குறியெண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தினாலும் பிழை நேரும். அக்குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் உள்ளன. தமிழ் நெடுங்கணக்கிலோ அவ்விரண்டும் இறுதியில் வருகின்றன. இதனால் முண்டா மொழியாகிய கரியா, அகராதி முறைக்கு மாறாகக் கன்னடத்துக்குப் பின் சென்றுவிடும். தமிழ் வரிசைமுறையை ஏற்காத மென்பொருளில் வரிசையெண் நிரல் ஒன்றைச் சேர்த்து, அதனைக் கொண்டு அடுக்கிய பின் மறைத்துவிடலாம்.

அலகும் மொழிபெயர்க்கப்பட வேண்டியதே. 69 மில்லியன் என்பதை 6.9 கோடி என்று மாற்றுவதோடு, காற்புள்ளிகளையும் இந்திய முறைக்குக் கொணர்தல் வேண்டும். நீண்ட தமிழ்த் தலைப்புகளைச் செங்குத்தாகத் திருப்புவதைவிட, பொதுச்சொற்களை அட்டவணைத் தலைப்புக்கு உயர்த்தி, எஞ்சியவற்றைச் சொல்லெல்லையில் மடக்கி எழுதுவதே தக்கது. எண்களை வலப்புறம் ஒன்றச் செய்து, இலக்கங்கள் யாவும் ஒரே அகலமுள்ள எழுத்துருவைப் பயன்படுத்தினால் ஒன்றின்கீழ் ஒன்றும் பத்தின்கீழ் பத்தும் நேராக நிற்கும். அதன்பின் செங்குத்துக் கோடுகளுக்குத் தேவை இராது.

6. முடிவுரை

முழுமைப்படுத்துதல், வரிசைப்படுத்துதல், வண்ணமிடுதல், வெற்றிடம் நிரப்புதல் ஆகிய ஒவ்வொன்றும் எதைக் காட்டுவது, எதை விடுவது என்னும் தேர்வாகும். மென்பொருள் அத்தேர்வைத் தானே செய்துவிடும்போது பெரிய எண்களே முன்னிற்கின்றன. ஆய்வாளரும் மொழிபெயர்ப்பாளரும் அட்டவணையைக் கட்டுரையின் ஒரு பத்தியாகவே கருதித் திருத்தி அமைத்தால், 24,821 பேர் 0.0 ஆகும் நிலை தவிர்க்கப்படும்.