கர்ப்பகாலச் சிறுநீரகப் படிமச் சோதனைகள்

கர்ப்பகாலச் சிறுநீரகப் படிமச் சோதனைகள் என்பவை கருவுற்ற பெண்களின் சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் ஏற்படும் கல், அடைப்பு, தொற்று ஆகியவற்றைக் கண்டறிய உதவும் முறைகளாகும். தாயின் நோயைக் கண்டறிவதோடு கருவின் பாதுகாப்பையும் கருத்தில் கொண்டு இவை தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

இயல்பான வீக்கம்

கர்ப்பகாலத்தில் சிறுநீரகத்தின் நீளம் சுமார் 1 செ.மீ. கூடுகிறது. புரோஜெஸ்ட்டிரோன் இயக்குநீர் சிறுநீர்க்குழாயைத் தளர்த்துவதாலும், வளரும் கருப்பை அதை அழுத்துவதாலும் சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் விரிவடைகிறது. கருப்பை வலப்புறம் சற்றே திரும்பியிருப்பதால் வலது சிறுநீரகத்திலேயே இது அதிகம் காணப்படும். பிரசவத்திற்குப் பின் சில வாரங்களில் இது தானே சரியாகிவிடும். எனவே ஸ்கேன் அறிக்கையில் ‘வலது சிறுநீரக வீக்கம்’ என்றிருந்தால் அது நோய் என்று பொருளல்ல. இயல்பான வீக்கத்தையும் கல்லால் ஏற்பட்ட அடைப்பையும் பிரித்தறிவதே இச்சோதனைகளின் முக்கியப் பணியாகும்.

முறைகள்

மீயொலி ஸ்கேன்: கதிர்வீச்சு இல்லாததால் இதுவே முதல் சோதனையாகும். டாப்ளர் முறையில், சிறுநீர்ப்பைக்குள் சிறுநீர் பீய்ச்சி விழுவது இருபுறமும் தெரிகிறதா என்று பார்க்கலாம். ஒருபுறம் மட்டும் தெரியாவிட்டால் அடைப்பு இருக்கலாம். மல்லாந்து படுத்தால் கருப்பையின் அழுத்தத்தாலும் இது தெரியாமல் போகக்கூடும் என்பதால், ஒருக்களித்துப் படுக்கவைத்து மீண்டும் பார்ப்பர். சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதியில் உள்ள கற்கள் இச்சோதனையில் புலப்படாமல் போகலாம்.

எம்.ஆர்.ஐ.: மீயொலியில் தெளிவு கிடைக்காதபோது செய்யப்படுகிறது. இதிலும் கதிர்வீச்சு இல்லை. கடோலினியம் என்னும் சாய மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும் என்பதால் தவிர்க்கப்படுகிறது.

சி.டி. ஸ்கேன்: கற்களைத் துல்லியமாகக் காட்டும். கதிர்வீச்சு உள்ளதால், மற்ற முறைகள் பயன்தராதபோது மட்டும் குறைந்த கதிர் அளவில் எடுக்கப்படுகிறது. கரு பெறும் அளவு 50 மில்லிகிரேக்குக் குறைவாக இருந்தால் பிறவிக் குறைபாடோ கருச்சிதைவோ ஏற்படுவதாகக் கண்டறியப்படவில்லை. குறைந்த அளவு சி.டி.யில் இந்த அளவு அதைவிட மிகக் குறைவாகும்.

தமிழ்நாட்டில்

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. உயர் சிகிச்சை தேவைப்படுவோருக்கு, 1844-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை போன்றவை உள்ளன. வேறு மருத்துவமனைக்குச் செல்வோர் முந்தைய ஸ்கேன் அறிக்கைகள் அனைத்தையும் கொண்டுசெல்ல வேண்டும். வீக்கம் முன்பே இருந்ததா, புதிதாக ஏற்பட்டதா என்பதை அவற்றை ஒப்பிட்டே அறிய முடியும்.

கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கர்ப்பிணிக்கு மீயொலி ஸ்கேன் செய்யும் மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘எஃப்’ படிவத்தை நிரப்பிப் பாதுகாக்கவும் வேண்டும்.

தாமதத்தின் ஆபத்து

குளிர்காய்ச்சலுடன் விலாவில் வலி இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடைப்புடன் தொற்றும் சேர்ந்தால் இரத்தத்தில் நச்சு பரவித் தாயின் உயிருக்கே ஆபத்து நேரலாம், குறைப்பிரசவமும் ஏற்படலாம். அத்தகைய நிலையில் குழாய் பொருத்திச் சிறுநீரை வடியவிடுவர். ஸ்கேன் குழந்தையைப் பாதிக்கும் என்று அஞ்சிச் சோதனையைத் தள்ளிப்போடுவது, சோதனையைவிடப் பெரும் தீங்காக முடியக்கூடும்.