கழுத்து வலியே இல்லை... ஆனா சட்டை பட்டன் போட முடியலை! வயசானதாலா, தண்டுவடம் நசுங்குறதாலா?

காலையில் சட்டை பட்டன் போட வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகிறது. பூட்டில் சாவியை நுழைக்கும்போது கை தடுமாறுகிறது. சோற்றைப் பிசைந்து எடுத்தால் விரல் இடுக்கில் சிந்துகிறது. கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்புகிறார்கள். நடக்கும்போது செருப்பு கழன்று போனதுகூட தெரிவதில்லை. வீட்டில் சொன்னால், "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்ற பதில்தான் வருகிறது.

இதற்கு வயது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. பிரச்னை கையில் இல்லாமல் கழுத்திலும் இருக்கலாம். கழுத்து எலும்பும் டிஸ்க்கும் தேய்ந்து, அதனால் தண்டுவடம் நசுங்கும் இந்த பாதிப்பை மருத்துவர்கள் 'டீஜெனரேட்டிவ் செர்விக்கல் மைலோபதி' என்கிறார்கள். பெரியவர்களுக்கு தண்டுவடம் செயலிழப்பதற்கான முக்கிய காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் பலருக்கு இதில் வலியே இருக்காது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

கழுத்துக்குள் என்ன இருக்கிறது?

கழுத்தில் மொத்தம் 7 எலும்புகள். மேலே இருக்கும் முதல் இரண்டைத் தவிர, மற்ற எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல ஒரு டிஸ்க் இருக்கும். பேச்சு வழக்கில் 'ஜவ்வு' என்று சொல்வது இதைத்தான். வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே நீர்ச்சத்து நிறைந்த கூழ் போன்ற பகுதி என்பது அதன் அமைப்பு.

இந்த எலும்புகளுக்குப் பின்புறம் ஒரு குழாய் போன்ற பாதை இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் அதன் வழியாகத்தான் போகிறது. தடிமன் ஏறக்குறைய சுண்டு விரல் அளவுதான். கையை அசைப்பது, நடப்பது, தொடு உணர்ச்சி, சிறுநீரை அடக்குவது என கழுத்துக்குக் கீழே நடக்கும் அத்தனைக்கும் தகவல் இந்த ஒரே வழியில்தான் போய் வருகிறது.

அந்தப் பாதையின் அகலம் சராசரியாக 17 முதல் 18 மில்லிமீட்டர். சிலருக்கு பிறவியிலேயே 13 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். அவர்களுக்கு சின்ன தேய்மானம்கூட பெரிய நெருக்கடியாகலாம்.

வயசானா டிஸ்க்குக்கு என்ன ஆகும்?

டிஸ்க்குக்கு ரத்த ஓட்டம் மிகக் குறைவு. அதனால் தேய்ந்த பிறகு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் திறனும் குறைவு. வயது ஏற ஏற நீர்ச்சத்து வற்றி, உயரம் குறைந்து, ஓரங்கள் வெளியே பிதுங்கும். அதைத் தாங்க எலும்பின் விளிம்பில் முள் போன்ற வளர்ச்சி உருவாகும். பின்பக்கத் தசைநார்களும் தடித்துப்போகும். இப்படி முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் இடம் சுருங்க, நடுவில் இருக்கும் தண்டுவடம் மாட்டிக்கொள்கிறது. கழுத்தை குனிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் அது உரசப்படுகிறது. அதற்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைகிறது.

அப்போ தேய்மானம்னாலே ஆபத்தா?

இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத சுமார் 500 பேருக்கு கழுத்தில் எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுத்து, ஜப்பான் மருத்துவர்கள் 1998-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் 60 வயதைத் தாண்டியவர்களில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. அவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

எனவே ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் பயப்பட வேண்டியதில்லை. தண்டுவடம் அழுத்தப்படுகிறதா, அதற்கான அறிகுறிகள் உடலில் தெரிகின்றனவா என்ற இரண்டு கேள்விகள்தான் முக்கியம்.

நரம்பு அழுத்தமும் தண்டுவட அழுத்தமும் ஒன்றா?

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. டிஸ்க் பக்கவாட்டில் பிதுங்கி ஒரு நரம்பை அழுத்தினால், கழுத்திலிருந்து ஒரு கைக்கு மின்சாரம் போல வலி இறங்கும். தாங்க முடியாமல் ஆள் உடனே டாக்டரிடம் ஓடுவார். ஆனால் பெரும்பாலானோருக்கு சில வாரங்களில் மாத்திரை, பிசியோதெரபியிலேயே அது குறைந்துவிடும்.

டிஸ்க் நடுவில் பிதுங்கி தண்டுவடத்தை அழுத்தினால் கதையே வேறு. வலி குறைவாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இரண்டு கைகளும் மெல்ல மந்தமாகும், கால்கள் விறைப்பாகும். வலி இல்லாததால் டாக்டரிடம் போகவும் தோன்றாது. ஆக, அதிகம் வலிப்பது பல நேரங்களில் ஆபத்து குறைந்தது, வலிக்காததுதான் ஆபத்தானது.

ஏன் தாமதமாகத் தெரிகிறது?

கை மரத்துப்போனால் "சுகர் இருக்குல்ல, அதனாலதான்" என்பார்கள். மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படும் 'கார்பல் டனல்' பிரச்னை என்று நினைத்து, அதற்கு ஆபரேஷன் செய்துகொள்பவர்களும் உண்டு. கால் தடுமாறினால் மூட்டுத் தேய்மானத்தின் மேல் பழி விழும். அறிகுறி தொடங்கியதிலிருந்து சரியான காரணம் கண்டுபிடிக்கப்படுவதற்கு சராசரியாக 2 ஆண்டுகளுக்கும் மேல் ஆவதாக வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பலருக்கு இது படிப்படியாக மோசமாகும். சில மாதங்கள் அப்படியே நிற்கும். "பரவாயில்ல, இதுக்கு மேல போகல" என்று நினைக்கும்போது, சட்டுனு ஒரு படி கீழே இறங்கும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

* பட்டன் போடுவது, ஊசியில் நூல் கோப்பது, சில்லறை எண்ணுவது சிரமமாவது
* கையெழுத்து மாறுவது, கையிலிருந்து டம்ளர் நழுவுவது
* இருட்டில் அல்லது குளிக்கும்போது கண்ணை மூடினால் தள்ளாடுவது
* படி இறங்கும்போது கைப்பிடி இல்லாமல் முடியாமல் போவது
* கழுத்தைக் குனிந்தால் முதுகு வழியாக ஷாக் அடித்த மாதிரி இறங்குவது
* சிறுநீர் அவசரமாக வருவது, அடக்க முடியாமல் போவது

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். கையை முழுசா மூடி, முழுசா விரிக்க வேண்டும். ஆரோக்கியமான ஒருவரால் 10 நொடியில் சுமார் 20 முறை இதைச் செய்ய முடியும். எண்ணிக்கை நன்றாகக் குறைந்தால், அல்லது விரல்கள் சரியாக விரியாவிட்டால், டாக்டரைப் பார்ப்பது நல்லது. இதை வைத்து மட்டும் நோய் இருக்கிறது, இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

டாக்டர் என்ன பார்ப்பார்?

நரம்பியல் மருத்துவர் அல்லது முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணரிடம் போக வேண்டும். சுத்தியலால் தட்டி கை, கால் அனிச்சைச் செயல் அதிகமாக இருக்கிறதா என்று பார்ப்பார். நடுவிரல் நகத்தைச் சுண்டிவிடும்போது கட்டைவிரல் தானாக மடங்குகிறதா என்று கவனிப்பார். ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும். தண்டுவடத்தைப் பார்க்க எம்.ஆர்.ஐ தேவை.

பாதிப்பின் அளவைக் கணக்கிட 18 மதிப்பெண் கொண்ட ஓர் அளவுகோல் உண்டு. 15 முதல் 17 வரை என்றால் லேசானது, 12 முதல் 14 வரை நடுத்தரம், 11-ம் அதற்குக் கீழும் தீவிரம்.

ஆபரேஷன் கட்டாயமா?

2017-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலின்படி, நடுத்தர மற்றும் தீவிர பாதிப்புக்கு ஆபரேஷன் பரிந்துரைக்கப்படுகிறது. லேசான பாதிப்பு என்றால் ஆபரேஷன் செய்யலாம், அல்லது மருத்துவக் கண்காணிப்பில் பயிற்சி எடுத்துப் பார்க்கலாம். ஆனால் மோசமாகத் தொடங்கினால் காத்திருக்கக் கூடாது. மாத்திரை வலியைக் குறைக்கலாம். தண்டுவடத்தின் மேல் இருக்கும் அழுத்தத்தை அதனால் எடுக்க முடியாது.

கழுத்தின் முன்பக்கமாகச் சென்று டிஸ்க்கை எடுத்துவிட்டு எலும்புகளை இணைப்பது ஒரு முறை. பின்பக்கமாக எலும்பை எடுத்தோ, கதவு போலத் திறந்தோ பாதையை அகலப்படுத்துவது இன்னொரு முறை. விழுங்குவதில் சிரமம், குரல் மாற்றம், தோள் பலவீனம், தொற்று போன்ற அபாயங்கள் இதில் உண்டு. எந்த முறை ஏன் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

"ஆபரேஷன் பண்ணா பழையபடி ஆயிடுவாரா?" என்பதுதான் குடும்பத்தினர் முதலில் கேட்பது. மேலும் மோசமாகாமல் தடுப்பதுதான் ஆபரேஷனின் முதல் நோக்கம். பலருக்கு முன்னேற்றமும் கிடைக்கிறது. ஆனால் இறந்துபோன தண்டுவட நரம்பு செல்கள் திரும்ப முளைப்பதில்லை. நீண்ட காலம் நசுங்கிக் கிடந்தால் மீள்வதும் அவ்வளவுக்குக் குறையும்.

எதைச் செய்யக் கூடாது?

சலூனில் முடி வெட்டியதும் கழுத்தை ஒரே திருப்பில் திருப்பி சொடக்கு எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். சந்தேகம் இருக்கும்போது கழுத்தை இழுத்து, முறுக்கிச் செய்யும் எந்த வைத்தியமும் வேண்டாம். தலையில் பாரம் சுமக்கவும் கூடாது.

முக்கியமாக, கீழே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதை ஏற்கெனவே சுருங்கி இருந்தால், பாத்ரூமில் வழுக்கி முகம் குப்புற விழுந்தாலே போதும். எலும்பு முறியாமலேயே தண்டுவடம் அடிபட்டு, இரண்டு கைகளும் செயலிழந்து போகலாம். பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத தரை, இரவில் சின்ன விளக்கு ஆகியவை அவசியம்.

விழுந்த பிறகு கை, கால் பலம் குறைந்தாலோ, சில நாட்களிலேயே நடை மோசமானாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-ஐ அழைத்து, கழுத்தை அசைக்காமல் கொண்டு செல்வது பாதுகாப்பு.

வீட்டில் இருக்கும் பெரியவர் "கை சரியா வர மாட்டேங்குது" என்று சொன்னால், அதை வயதின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். ஒருமுறை கழுத்தையும் பரிசோதித்துவிடுவது, அவர் தன் கையால் சாப்பிட்டு, தன் காலில் நடக்கும் ஆண்டுகளைக் கூட்டித் தரலாம்.