மாற்றிய ஆயில் சீல் மறுபடியும் ஏன் ஒழுகுகிறது?

போடி, கம்பம், கோம்பைப் பக்கமிருந்து விடியுமுன் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்குப் போகும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு, பழைய மகிந்திரா வண்டி என்ன பாடுபடுகிறது என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போரின்போது 1941 முதல் அமெரிக்க இராணுவத்துக்காகத் தயாரான வில்லிஸ் ஜீப்பின் வழிவந்தவை இவை. மகிந்திரா நிறுவனம் 1947இல் அந்த ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. 1980களில் வந்த எம்எம் 540 வரைக்கும் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை: கனத்த சேஸிஸ், முன்னும் பின்னும் இரும்பு ஹவுசிங், அவற்றைத் தாங்கும் பட்டைகள், வேண்டும்போது போட்டு எடுக்கும் ஃபோர் வீல் கியர். கணினியோ சென்சாரோ கிடையாது. எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுச் சோதிக்கலாம். அப்படியிருந்தும் ஒரே கோளாறுக்காக ஒரே வண்டி திரும்பத் திரும்பப் பட்டறைக்கு வருகிறது. கெட்டுப்போன பாகத்தை மாற்றுகிறோம். அதைக் கெடுத்தது எது என்று தேடுவதில்லை. பழைய ஜீப் வைத்திருப்பவரின் பணம் கரைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஹவுசிங் ஆயில் சீலை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் சீலை மாற்றுவார்கள். சில மாதங்களில் மறுபடியும் கசியும். கம்பெனி சீல் இல்லை, டூப்ளிகேட் என்று பேச்சு வரும். ஹவுசிங்கின் மேல்பகுதியில் பிரீதர் என்ற சின்ன மூச்சுக்குழாய் இருப்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வண்டி ஓடும்போது உள்ளே இருக்கும் கியர் ஆயில் சூடாகிறது, காற்று விரிகிறது. விரிந்த காற்று வெளியேற அந்தச் சின்ன ஓட்டைதான் வழி. சேறும் தூசியும் அதை அடைத்துவிட்டால் அழுத்தம் சீலின் உதட்டைத் தள்ளி எண்ணெயை வெளியே கொண்டுவரும். அந்த எண்ணெய் பிரேக் லைனரை நனைப்பது அடுத்த ஆபத்து. ஓடையைக் கடக்கும்போது இதற்கு நேர்மாறானது நடக்கிறது. சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் முங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால், அதே சீல் வழியாக ஓடைத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். எண்ணெய் வெளுத்துக் கலங்கும், பேரிங் துருப்பிடிக்கும், பிறகு ஒருநாள் பின்பக்கம் ஊளையிடத் தொடங்கும். அப்போது அதைக் கிரவுன் கோளாறு என்று சொல்லிப் பெரிய செலவை இழுத்துவிடுவார்கள். பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவி ஊதிப் பார்க்கச் சில நிமிடம் போதும். அது சுத்தமாக இருந்தால், சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் சீல் உரசி உரசி அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பள்ளத்தின் மேல் எந்தப் புதுச் சீலும் நிற்காது. லேத்தில் கொடுத்துச் சரிசெய்த பிறகுதான் சீலுக்கு வேலை. கிளட்ச்சிலும் இதே கதைதான். என்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து பிளேட்டை நனைத்திருக்கும். பிளேட்டை மட்டும் மாற்றினால் புதுப் பிளேட்டும் நனையும்.

அடுத்து, காலையில் செல்ஃப் எடுக்காத வண்டி. முதலில் பேட்டரி மாறும், அடுத்து செல்ஃப் மோட்டார் காயில் கட்டப் போகும். நல்ல பேட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் இருந்தால் பேட்டரிமேல் பழி போடக் கூடாது. பிறகு மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை என்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடிக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த் வயரில். பழைய ஜீப்பில் என்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் பட்டை, பெயின்டுக்கும் துருவுக்கும் மேல் முடுக்கப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். எர்த் கெட்டுப்போன வண்டியில் மின்சாரம் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி அதைச் சூடாக்கிப் பொசுக்கியும் விடும். கேபிள் ஏன் அடிக்கடி போகிறது என்ற கேள்விக்கான பதில் பல நேரம் இப்படிச் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் கிடக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து நட்டை இறுக்கினாலே இது தீர்ந்துவிடும்.

என்ஜின் சூடாவதற்கு நம் பட்டறைகளில் ஒரு நிலையான மருந்து உண்டு: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. பல பத்தாண்டுகளாக அப்படித்தான் ஓடுகிறது, என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பார்கள். கேள்வியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. மூடியபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டை எடுத்தால் சூடு உடனே தணியும். ஆனால் அது இல்லாத டீசல் என்ஜின் குளிர்ந்த மலைக்காற்றில் சரியான சூட்டுக்கு வரவே வராது. டீசல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேயும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை அடைக்கும் வேலையையும் செய்கிறது. அதைக் கழற்றினால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும், அதனாலேயே ஏற்றத்தில் கொதிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையான காரணம் மறைந்துபோகிறது. உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் குழாய்கள் அடைத்த ரேடியேட்டரில் சில இடம் சூடாகவும் சில இடம் குளிர்ந்தும் இருக்கும். என்ஜினை நிறுத்தியபின் தொட்டாலே தெரியும். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால், ஆறிய என்ஜினின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்ததும் தண்ணீரில் இடைவிடாமல் குமிழி வரும். தெர்மோஸ்டாட் நல்லதா என்று அறிய, அதைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்து, அதன்மேல் அச்சிட்டிருக்கும் சூட்டில் திறக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அனுபவமுள்ள மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார், இத்தனை சோதனை எதற்கு என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். கறுப்புப் புகை என்றால் காற்றுப் போதவில்லை அல்லது டீசல் அதிகம், நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது என்று அவர் ஒரு நொடியில் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் காது கோளாறின் திசையைத்தான் காட்டும். வேகத்தில் ஸ்டீயரிங் கையில் நில்லாமல் முன்சக்கரங்கள் உதறுவதைப் பாருங்கள்: டயர் பேலன்ஸ், டை ராட் எண்ட், வீல் பேரிங், கிங்பின், பட்டை புஷ் என்று ஐந்தாறு காரணங்கள் ஒரே உதறலைத் தரும். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். எந்தக் காதாலும் இதைப் பிரித்தறிய முடியாது. இதைச் செய்யாமல் ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றைப் பூட்டி உதறலை அமுக்கிவிடுவதை நான் ரிப்பேர் என்று ஏற்க மாட்டேன்; தேய்மானம் உள்ளே தொடர்கிறது, ஓட்டுபவருக்கு வர வேண்டிய எச்சரிக்கை மட்டும் நின்றுபோகிறது. சில புகார்கள் கோளாறே அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஜீப்புகளில் முன், பின் ஹவுசிங்குகளுக்கு நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு வளைவுகளில் ஓட்டினாலோ, நான்கு டயரும் ஒரே அளவில் இல்லாவிட்டாலோ, கியர் முறுக்கிக்கொண்டு லிவர் வெளியே வராது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விடுபடும். கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை.

ஒருநாள் வண்டி நின்றால் ஒருநாள் வருமானம் போச்சு, காரணத்தைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்பதுதான் இருப்பதிலேயே வலுவான மறுப்பு. கூலிக்கு ஓடும் ஜீப்பின் சொந்தக்காரரிடம் இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. காட்டுப் பாதையில் நின்றுபோன வண்டியை எப்படியாவது கிளப்பி ஊர் சேர்ப்பதுதான் அந்த நேரத்து அறிவு. ஆனால் மேலே சொன்ன சோதனைகளில் எதுவும் ஒருநாளைத் தின்பதில்லை. சீல் விலை சொற்பம். சக்கரத்தையும் டிரம்மையும் பிரித்துக் கோர்க்கும் கூலியும், வண்டி நிற்கும் நாளும்தான் கனம். அதை மூன்று முறை செய்பவர்தான் வருமானத்தை இழக்கிறார். பழையதை விற்றுவிட்டு ஸ்கேனர் போட்டுப் பார்க்கும் புது வண்டி வாங்கலாமே என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஸ்கேனரும் எந்த அளவு தப்பாக வருகிறது என்றுதான் சொல்கிறது, ஏன் என்பதை மனிதர்தான் தேட வேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டில் முடிந்தாலும், தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட ஜீப்பை வயதுக்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை.

பிரேக்கில் மட்டும் என் வாதத்தை நானே தளர்த்துகிறேன். இங்கே காரணம் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. சந்தேகம் வந்ததுமே மாற்றிவிட வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் வண்டியில் அந்தச் சூடு வருவது கடினமில்லை. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆயிலை முழுக்க மாற்றுங்கள், ஒரு பக்க வீல் சிலிண்டர் கசிந்தால் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றுங்கள், ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.