வேலூரில் படித்தவர், சளிக்காய்ச்சலைத் துரத்துபவர்

“போன வருஷம்தானே சளிக்காய்ச்சல் ஊசி போட்டேன். இந்த வருஷமும் எதுக்கு?”

வானொலியில் உடல்நலம் பற்றிப் பேசும்போதெல்லாம் நேயர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி இது. இதற்குப் பதில் தேடிப் படித்தபோது, அந்தக் கேள்வியோடே வாழ்க்கையைக் கழித்துவரும் ஒரு மருத்துவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அவர் டாக்டர் காந்தா சுப்பாராவ்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் குழந்தை மருத்துவமும் தொற்றுநோய் மருத்துவமும் பயின்று, பிறகு ஆய்வகத்தின் பக்கம் திரும்பினார்.

1997 மே மாதம் ஹாங்காங்கில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலால் இறந்தான். அவனிடமிருந்து கிடைத்த கிருமி, கோழிகளைக் கொல்லும் எச்5என்1. அது மனிதரைத் தாக்கியதாக அதற்குமுன் பதிவே இல்லை. அப்போது அட்லாண்டாவில் உள்ள அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தில் இருந்த சுப்பாராவும் சக ஆய்வாளர்களும் அதன் மரபணுக்களைப் பிரித்துப் பார்த்தனர். அத்தனையும் பறவைக் கிருமியின் மரபணுக்கள். மனிதக் கிருமியோடு கலக்காமலே அது பறவையிலிருந்து மனிதருக்குத் தாவியிருந்தது. அந்த ஆய்வு 1998 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது.

அதற்குள் ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி, 6 பேர் இறந்திருந்தனர். ஒரு மில்லியனுக்கும் அதிகமான கோழிகளை அரசாங்கம் அழித்தது.

தடுப்பூசி செய்வதிலும் சிக்கல். சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்கான கிருமியைப் பெரும்பாலும் கோழி முட்டைக்குள்தான் வளர்ப்பார்கள். எச்5என்1 முட்டையில் உள்ள கருவையே கொன்றுவிடும். அதன் கொடூரத்துக்குக் காரணமான மரபணுத் துண்டை நீக்கி, முட்டையில் நன்றாக வளரும் சாதுவான கிருமியோடு இணைக்கும் வழியை சுப்பாராவ் குழு சோதித்துக் காட்டியது. அந்த ஆய்வு 2003-இல் வெளியானது.

2016-இல் மெல்பர்னில் உள்ள உலகச் சுகாதார நிறுவனத்தின் சளிக்காய்ச்சல் ஆய்வு மையத்துக்கு இயக்குநரானார். நம் வட்டாரத்து நாடுகளிலிருந்து மாதிரிகள் போய்ச் சேரும் இடம் அது. கொவிட்-19 தடுப்பூசியில் எந்த வகைக் கிருமியைச் சேர்ப்பது என்று ஆலோசனை கூறும் உலகச் சுகாதார நிறுவனக் குழுவுக்கும் தலைமை தாங்கினார்.

ஏன் ஆண்டுதோறும்?

சளிக்காய்ச்சல் கிருமி பெருகும்போதெல்லாம் அதன் மரபணுவில் சிறு சிறு பிழைகள் சேரும். மெல்ல மெல்ல அதன் வெளித்தோற்றம் மாறிவிடும். சென்ற ஆண்டு ஊசி தந்த எதிர்ப்புச் சக்திக்கு இந்த ஆண்டுக் கிருமியை அடையாளம் தெரியாமல் போகலாம். அந்தச் சக்தியும் மாதங்கள் போகப்போகக் குறையும்.

அதனால் நிபுணர்கள் ஆண்டுக்கு இருமுறை கூடுகின்றனர். பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும் தடுப்பூசியில் என்ன சேர்ப்பது என்று முடிவு செய்கின்றனர். ஊசி தயாராக ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அந்த இடைவெளியில் கிருமி வேறு பாதையில் போய்விடுவதும் உண்டு. அப்படிப் பொருத்தம் குறைந்த ஆண்டிலும், நோய் முற்றி மருத்துவமனையில் சேரும் அபாயத்தை ஊசி குறைக்கிறது.

சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லை. ஆனால் சளிக்காய்ச்சல் ஆண்டு முழுவதும் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் மே முதல் ஜூலை வரையிலும் கூடுதலாக இருக்கும்.

என் அம்மாவுக்கு 67 வயது, நீரிழிவும் உண்டு. “வெறும் சளிதானே” என்பார். சாதாரணச் சளி வேறு, சளிக்காய்ச்சல் வேறு. அவர் வயதில் அது நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், நீண்டகால நோயுள்ளவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது இந்த ஊசியைப் பற்றியும் கேளுங்கள். மெல்பர்ன் போன்ற ஆய்வகங்களின் ஓராண்டு உழைப்பு அந்தச் சின்னக் குப்பியில்தான் இருக்கிறது.