திலாப்பியாவின் கண் பிதுங்கினால்

ஈயம் தோண்டி முடித்த குட்டைகளில்தான் மலேசியாவின் பேராக்கில் இன்று மீன் வளர்ப்பு பெரிதாக நடக்கிறது. மாலிம் நாவார், தஞ்சோங் துவாலாங் பக்கம் போனால் பார்க்கலாம். தோட்டப்புறங்களில் வீட்டுக்குப் பின்னால் கேன்வாஸ் தொட்டி போட்டுக் கெலி மீன் விடுகிறவர்களும் உண்டு.

மீன் செத்து மிதந்தால், முதலில் அது எப்படிச் செத்தது என்று பாருங்கள். ஒரே இரவில் கூட்டமாக, அதிலும் பெரிய மீன்கள் முதலில், வாயைத் திறந்தபடி செத்திருந்தால் பெரும்பாலும் பிராணவாயுப் பற்றாக்குறை. இன்றைக்குப் பத்து, நாளைக்கு இருபது என்று தொடர்ந்தால் கிருமியைச் சந்தேகிக்கலாம்.

திலாப்பியாவை அதிகம் படுத்துவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. அது மூளையைத் தாக்குவதால் மீன் சுழன்று சுழன்று நீந்தும். கண் பிதுங்கி வெள்ளை படியும். வயிறு உப்பி, செதிள் ஓரம் சிவந்து, உடம்பில் புண் வந்தால் ஏரோமோனாஸாக இருக்கலாம். இந்த இரண்டாவது கிருமி நல்ல தண்ணீரிலும் எப்போதும் இருக்கிறது. மீன் தளர்ந்தால்தான் தலை தூக்கும்.

தளர வைப்பது பெரும்பாலும் நாம்தான். நெருக்கி விடுகிறோம், தீனியை அள்ளிப் போடுகிறோம். தண்ணீர்ச் சூடு 30 பாகையைத் தாண்டினால் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குக் கொண்டாட்டம். அதே சூட்டில் தண்ணீரில் கரையும் பிராணவாயுவும் குறைகிறது. ஈயக்குட்டை ஆழமானது என்பதால் இன்னொரு வம்பு: வெயில் காலத்துக்குப் பின் பெருமழை கொட்டினால் அடியில் கிடந்த காற்றில்லாத தண்ணீர் மேலே வந்துவிடும்.

உடனே ஆன்டிபயாடிக் வாங்கித் தண்ணீரில் கொட்டுவது காசுக்குக் கேடு. தீனியில் கலந்தாலும் நோயுற்ற மீன் தின்னாது. மருந்துக்குப் பழகிய கிருமிதான் மிஞ்சும். தீனியைக் குறையுங்கள், காற்று இயந்திரத்தை ஓட விடுங்கள், செத்ததை அன்றன்றே எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஆற்றில் வீசாதீர்கள். அழுகிய மீனைச் சோதித்தால் எதுவும் தெரியாது. உயிர் ஊசலாடும் மீன் இரண்டு மூன்றை ஐஸில் வைத்து மீன்வளத் துறையிடம் கொண்டுபோனால் எந்தக் கிருமி, எந்த மருந்து என்று சோதித்துச் சொல்ல முடியும். புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குத் தீனியோடு ஊட்டும் தடுப்பு மருந்தும் உருவாக்கியிருக்கிறார்கள்.

நோய் வந்த குட்டையின் மீனைச் சாப்பிடலாமா? 2015இல் சிங்கப்பூரில் நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிட்டவர்களுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றிப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உணவுக் கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறி விற்க அவ்வாண்டு டிசம்பரில் தடை வந்தது. குழம்பில் நன்றாக வெந்த மீனில் கிருமி பிழைக்காது. ஆனாலும் நோய் கண்ட மீனைச் சந்தைக்கு அனுப்பாதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் மீன் கழுவ வேண்டாம். ஏரோமோனாஸ் காயம் வழியாகவும் ஏறும்.